கணக்கு வராது, சமூக அறிவியல் படிக்க வேண்டும்: எந்தப் பாடத்தை எடுப்பது?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் கலைக் கல்லூரி வாசல்களில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "மேத்ஸே இல்லாத கோர்ஸ் எது சார்?" கேட்பவர் பெரும்பாலும் முதல் குரூப்பில் இரண்டு வருடம் திணறியவராக இருப்பார். அல்லது மூன்றாவது குரூப்பில் பிசினஸ் மேத்ஸால் நொந்தவராக இருப்பார். பதிலும் தயாராக இருக்கும்: "ஹிஸ்டரி எடு, சைக்காலஜி எடு, எகனாமிக்ஸ் பக்கம் மட்டும் போகாதே."

ஹிஸ்டரி பற்றிச் சொன்னது சரி. மற்ற இரண்டும் அவ்வளவு சரியில்லை. சைக்காலஜியில் பலர் எதிர்பார்ப்பதைவிடக் கணக்கு அதிகம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பி.ஏ. எகனாமிக்ஸில் பலர் பயப்படும் அளவுக்குக் கணக்கு கிடையாது. ஆனால் அதே பாடத்தில் எம்.ஏ. போகும்போது கதை மாறிவிடும். எனவே ஒரு பாடத்தில் கணக்கு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதாது. என்ன மாதிரிக் கணக்கு, எத்தனை பேப்பரில், பட்டம் வாங்கிய பிறகு எந்தத் தேர்வில் திரும்பி வருகிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு உருப்படியாக இருக்கும்.

உங்களுக்கு வராதது எது?

"கணக்கு வராது" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது வேறு வேறு. சிலருக்குக் கூட்டல், வகுத்தல், சதவீதம் போடுவதிலேயே தாமதம். நேரம் கொடுத்தால் சரியாகப் போடுவார்கள். சிலருக்கு எண்கள் பிரச்சினையே இல்லை, எக்ஸ், ஒய் என்று எழுத்து வந்ததும் மூளை நின்றுவிடும். வகையிடல், தொகையிடல் எல்லாம் மனப்பாடம்தான். இன்னும் சிலருக்கு இரண்டுமே வரும், எட்டாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் நிற்க வைத்து அவமானப்படுத்தியதிலிருந்து கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே பிடிக்காது.

சமூக அறிவியலில் வரும் கணக்கு பெரும்பாலும் புள்ளியியல். சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது), ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது). இதில் முக்கோணவியல் இல்லை, தேற்றத்தை நிரூபிக்கச் சொல்வதில்லை, கால்குலேட்டருக்கும் பொதுவாக அனுமதி உண்டு. ஆகவே எக்ஸ், ஒய்யில் திணறுபவருக்குப் புள்ளியியல் நன்றாகவே வரலாம். சதவீதத்திலேயே தடுமாறுபவருக்கு அதுவும் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் பயிற்சியால் சரியாகக்கூடிய சிரமம்.

நீங்கள் எந்த வகை என்று செலவில்லாமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11ஆம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தில் கடைசிப் பாடம் பொருளியலுக்கான கணித முறைகள். 12ஆம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடம் புள்ளியியல் முறைகளும் பொருளாதார அளவையியலும் (பொருளாதார உறவுகளைப் புள்ளிவிவரத்தால் அளப்பது). இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் நிதானமாகப் படித்து, எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது பாடம் மட்டும் புரிகிறதென்றால் எகனாமிக்ஸ் தவிர கீழே சொல்லும் எல்லாப் பாடங்களும் உங்களுக்குத் திறந்தே இருக்கின்றன. இரண்டும் புரிந்தால் எகனாமிக்ஸும்தான். இரண்டுமே தலைக்கு மேலே போனால் நேரே பொலிட்டிகல் சயன்ஸ், ஹிஸ்டரி பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

எகனாமிக்ஸ்: பி.ஏ. ஒரு பாடம், எம்.ஏ. வேறொரு பாடம்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கல்லூரிகளில் பி.ஏ. எகனாமிக்ஸ் சேர, பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் எகனாமிக்ஸுக்கு 12ஆம் வகுப்பில் கணிதம் கட்டாயம். பெயர் ஒன்றுதான், உள்ளே ஓடும் பாடத்திட்டம் வேறு. இணையத்தில் எகனாமிக்ஸ் பற்றிப் பயமுறுத்தும் பேச்சுகளில் பாதி டெல்லி, மும்பை, வெளிநாட்டு மாணவர்களின் அனுபவம். அதை வைத்துக்கொண்டு உங்கள் ஊர் அரசுக் கல்லூரியை அளக்க வேண்டாம்.

நம் ஊர் பி.ஏ.வில் பெரும்பகுதி எழுத்துதான். இந்தியப் பொருளாதாரம், தமிழ்நாட்டுப் பொருளாதாரம், பொது நிதி, பன்னாட்டு வணிகம், வேளாண் பொருளாதாரம், பொருளாதாரச் சிந்தனை வரலாறு. நுண்ணினப் பொருளியலில் வரைபடங்கள் வரும். தேவைக் கோடு, சமநோக்கு வளைகோடு, செலவுக் கோடுகள். அவற்றை வரைந்து, ஏன் அப்படி வளைகிறது என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். கணக்கு என்று வருவது இந்த அளவில் இருக்கும்: விலை 20 ரூபாயிலிருந்து 22 ஆனது, விற்பனை 100லிருந்து 80 ஆகக் குறைந்தது. விலை 10 சதவீதம் ஏறியதற்குத் தேவை 20 சதவீதம் இறங்கியிருக்கிறது, எனவே நெகிழ்ச்சி 2. இதைப் போட முடிகிறவர் நுண்ணினப் பொருளியலுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் இருப்பது தனியாக நிற்கும் சில பேப்பர்களில். புள்ளியியல் ஒன்றோ இரண்டோ, கணித முறைகள் ஒன்று, சில கல்லூரிகளில் பொருளாதார அளவையியல் அறிமுகமும் உண்டு. கணித முறைகளில்தான் வகைக்கெழுவும் அணிகளும் வருகின்றன. மூன்று ஆண்டுப் படிப்பில் உங்களைப் படுத்தப் போவது அதிகபட்சம் இந்த மூன்று நான்கு பேப்பர்கள். பிசினஸ் மேத்ஸில் தட்டுத் தடுமாறியாவது பாஸ் ஆனவர் இதையும் தாண்டிவிடுவார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கணக்கு வராத பிள்ளையை எகனாமிக்ஸ் வேண்டாம் என்று தடுத்து, "பாதுகாப்பாக" பி.காம். சேர்த்துவிடும் பெற்றோர் நிறைய. பி.காமில் ஆறு செமஸ்டரும் எண்கள்தான். நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வருமான வரி, வணிகப் புள்ளியியல் என்று வரிசையாக வரும். ஒரு இடத்தில் பிழை விழுந்தால் பேலன்ஸ் ஷீட் ஒத்துப்போகாது. கணக்குப் பயம் உள்ளவருக்கு இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்டால், யோசிக்காமல் பி.ஏ. எகனாமிக்ஸ் என்பேன்.

எம்.ஏ. வேறு ஊர். நல்ல நிறுவனங்களில் எம்.ஏ. எகனாமிக்ஸ் என்றால் கணிதப் பொருளியலும் பொருளாதார அளவையியலும் முதல் ஆண்டிலேயே முதுகெலும்பு. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களுக்கு நுழைவுத் தேர்விலேயே வகை நுண்கணிதமும் நிகழ்தகவும் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறை, இந்தியப் பொருளாதாரப் பணி இவையெல்லாம் அந்த எம்.ஏ.வைத் தாண்டித்தான் கிடைக்கும். பொருளாதார நிபுணர் ஆக வேண்டும் என்ற ஆசையும் கணக்குப் பயமும் ஒன்றாக இருந்தால், ஆசையை விடுவதா, பயத்தோடு மல்லுக்கட்டுவதா என்று இப்போதே முடிவு செய்வது நல்லது. பி.ஏ. மூன்றாம் ஆண்டில் யோசிக்கத் தொடங்கினால் தாமதம். பி.ஏ. எகனாமிக்ஸ் முடித்து வளர்ச்சி ஆய்வுகள், ஊரக மேம்பாடு, சமூகப் பணி, சட்டம் என்று பக்கவாட்டில் நகர்ந்தால் இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை.

சைக்காலஜி: பலரும் ஏமாறும் இடம்

சமூக அறிவியலில் இப்போது ஆசை அதிகமுள்ள பாடம் இதுவாகத்தான் இருக்கும். மனநலம் பற்றிப் பேச்சு பெருகியிருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் சேருகிறவர்களில் பலர் "மனிதர்களோடு பேசும் பாடம்" என்று நினைத்து வருகிறார்கள். முதல் இரண்டு ஆண்டு உட்கார்ந்து படிப்பது மூளையின் அமைப்பு, நரம்பு செல்கள், சோதனைச் சாலைப் பயிற்சிகள், அப்புறம் புள்ளியியல்.

காரணம் அந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் அமைத்ததிலிருந்து உளவியல் தன்னை அளவிடும் அறிவியலாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. எதிர்வினை நேரத்தை நொடியின் பகுதிகளாக அளப்பது, நினைவாற்றலை மதிப்பெண்ணாக்குவது, ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலா நிஜமா என்று சோதிப்பது என்று எல்லாம் எண்களில்தான் முடியும்.

நுண்ணறிவுச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். பரவலாகப் பயன்படும் அளவுகோலில் சராசரி 100, திட்ட விலக்கம் 15. ஒருவர் 130 வாங்கினால் சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கம் மேலே இருக்கிறார், அதாவது நூற்றில் ஏறத்தாழ இரண்டு பேர்தான் அவருக்கு மேலே. இந்தப் பத்தியைப் படித்து "சரி, புரிகிறது" என்று தோன்றினால் சைக்காலஜி உங்களுக்கு ஒத்துவரும். இது எதற்கு என்று எரிச்சல் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலானவர்கள் சராசரியைச் சுற்றியே குவியும் இந்த மணி வடிவ வளைகோடு, அதாவது இயல்நிலை வளைகோடு, பாடம் முழுக்கத் துரத்திக்கொண்டே வரும். இளநிலையில் இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி டெஸ்ட், ஒட்டுறவு. முதுநிலையில் பல குழுக்களை ஒப்பிடும் அனோவா, ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் தொடர்புப் போக்கு, அத்தனையும் எஸ்.பி.எஸ்.எஸ். போன்ற மென்பொருளில்.

மென்பொருள் இருப்பது ஓர் ஆறுதல். கணக்கை அது போட்டுவிடும். எந்தச் சோதனையைப் போடுவது, வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்வதுதான் உங்கள் வேலை. கணக்குப் போடும் வேகம் குறைவு, ஆனால் தர்க்கம் பிடிபடும் என்கிற மாணவர்கள் இதில் நன்றாகவே வருகிறார்கள். எண்களைப் பார்த்தாலே ஒதுங்குபவர்களுக்குத்தான் கஷ்டம். ஆய்வறிக்கை எழுதும் செமஸ்டரில் புள்ளிவிவரப் பகுதியைக் காசு கொடுத்து வெளியே செய்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் அது தெரிந்துவிடும் என்பது தனி விஷயம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இளநிலைப் பட்டத்தோடு யாரும் உளவியலாளர் ஆகிவிட முடியாது. மருத்துவ உளவியலாளர் என்று பணி செய்ய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் அதன் பதிவும் வேண்டும். அதற்கு இளநிலையைத் தாண்டிப் போக வேண்டிவரும், ஒவ்வொரு கட்டத்திலும் புள்ளியியல் உண்டு. அரசுக் கலைக் கல்லூரிகளில் இந்தப் பாடம் உள்ளவை குறைவு என்பதால் சுயநிதிப் பிரிவில், கூடுதல் கட்டணத்தில் சேருகிறவர்களே அதிகம். பணமும் போட்டு, கணக்கிலும் மாட்டிக்கொள்வதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை பாடத்திட்டத்தைப் புரட்டிவிடுவது நல்லது.

சோசியாலஜியும் சோசியல் வொர்க்கும்

மனிதர்களைப் பற்றிப் படிக்க வேண்டும், சைக்காலஜி புள்ளியியல் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சமூகவியல். ஏனோ தமிழ்நாட்டில் இதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. ஹிஸ்டரி, எகனாமிக்ஸ் போல எல்லா ஊர்க் கல்லூரியிலும் கிடைப்பதும் இல்லை.

இங்கேயும் சமூக ஆய்வு முறைகள், சமூகப் புள்ளியியல் என்று ஒன்றிரண்டு பேப்பர்கள் வரும். மக்கள்தொகை பற்றிய பேப்பர் இருந்தால் பிறப்பு விகிதம், பாலின விகிதம் பேசுவார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1000 ஆண்களுக்கு 996 பெண்கள் என்றால் அது ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். சமூகவியலாளர் எமில் டர்க்கைம் 1897இல் தற்கொலை பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வு முழுக்கப் புள்ளிவிவரம்தான். ஆனால் அவர் செய்தது நாடுகளுக்கும் மதக் குழுக்களுக்கும் இடையே விகிதங்களை ஒப்பிட்டது. கடினமான கணிதம் எதுவும் இல்லை. அந்த எண்களுக்குப் பின்னால் சமூகப் பிணைப்பு இருக்கிறது என்று வாதிட்டதில்தான் அவர் பெருமை.

சமூகவியலில் எண்ணே இல்லாத ஒரு பெரிய பாதையும் உண்டு. ஒரு ஊரில் போய்த் தங்கி, பேசி, பார்த்து, எழுதுவது. எம்.என். சீனிவாஸ் கர்நாடகத்துக் கிராமத்தில் செய்ததும், ஆந்த்ரே பெத்தேயும் கேத்லீன் கஃபும் தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் செய்ததும் அப்படிப்பட்ட வேலைதான். சாதியும் நிலமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதைத் தெருத்தெருவாக நடந்து பதிவு செய்தார்கள். முதுநிலை, முனைவர் பட்டம் வரை இந்த வழியில் போகலாம். இந்த ஒப்பீட்டில் உள்ள பாடங்களில், கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஆராய்ச்சியாளராகவும் ஆகலாம் என்ற வாய்ப்பைத் தாராளமாகத் தருவது சமூகவியலும் வரலாறும்தான்.

பி.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணிப் படிப்பில் கணக்கு இன்னும் குறைவு. வாரத்தில் சில நாட்கள் களப்பணி. குழந்தைகள் இல்லம், மருத்துவமனை, குடிசைப் பகுதி என்று அனுப்புவார்கள். சென்னையில் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் வொர்க் இந்தத் துறையின் பழைய பெயர்களில் ஒன்று. உங்களைச் சோதிப்பது வேறு: தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிப் பேசும் தைரியம், வந்து உட்கார்ந்து பக்கம் பக்கமாக அறிக்கை எழுதும் பொறுமை. கூச்ச சுபாவம் உள்ள ஒருவர் கணக்குக்குப் பயந்து இதில் சேர்ந்தால் ஒரு பயத்துக்குப் பதில் இன்னொன்று. எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளப் பிரிவை எடுத்து நிறுவன வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அங்கே சம்பளப் பட்டியல், வருங்கால வைப்பு நிதி என்று எக்செல் வரும், அதைத் தவிர்க்க முடியாது.

ஜியாகிரபி

பள்ளியில் சமூக அறிவியல் புத்தகத்தின் பகுதியாக இருந்ததால் இதில் கணக்கு இருக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கல்லூரிப் புவியியலில் செய்முறைத் தேர்வு இருக்கிறது. அளவுகோல் மாற்றம், வரைபடக் கோட்டுச் சட்டங்கள் (உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் வரையும் முறைகள்), நில அளவை, புள்ளிவிவர வரைபடங்கள், அப்புறம் கணினியில் வரைபடம் செய்யும் புவியியல் தகவல் முறைமை (ஜி.ஐ.எஸ்.). ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கு எளிது: இந்திய நேரத்துக்கான 82.5 டிகிரியை நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். கோட்டுச் சட்டம் வரையும்போது சைன், காஸ் எட்டிப் பார்க்கும். வரைவதில் கை நேர்த்தி உள்ளவர்களுக்கு இது பிடிக்கும். கணக்கோடு படம் சேர்ந்து வந்தால் புரியும் என்பவர்களுக்கு நல்ல பாடம். ஜி.ஐ.எஸ். கற்றுக்கொண்டால் தனியார் வேலையும் உண்டு. முக்கோணவியல் என்றாலே ஆகாது என்பவர்கள் மட்டும் ஒதுங்கிக்கொள்ளலாம்.

பொலிட்டிகல் சயன்ஸ், ஹிஸ்டரி

இவைதான் உண்மையில் கணக்கில்லாத பாடங்கள். அரசியல் அறிவியலில் நீங்கள் சந்திக்கக்கூடிய பெரிய கணக்கு குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு. 1971 மக்கள்தொகையை 234 தொகுதிகளால் வகுத்து, மறுபடியும் 1000ஆல் வகுத்தால் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு 176. அவ்வளவுதான். வரலாற்றில், கல்வெட்டின் சக ஆண்டோடு 78 கூட்டினால் பொது ஆண்டு வந்துவிடும்.

கணக்கு இல்லை என்பதால் எளிது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிளேட்டோவிலிருந்து மார்க்ஸ் வரை ஒவ்வொருவர் வாதத்தையும் பிரித்து எழுத வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகளும் திருத்தங்களும் நினைவில் இருக்க வேண்டும். பத்து பக்கம் தொடர்ந்து எழுதக் கை வலிக்காத ஆள்தான் இங்கே மதிப்பெண் எடுப்பார். மொழி நன்றாக வருகிறவர்களுக்கு இது வரம். இவ்வளவு எழுதப் பிடிக்காது, படத்தோடு கொஞ்சம் கணக்கு வந்தால் பரவாயில்லை என்றால் புவியியல் மேல்.

இரண்டில் எதை என்று கேட்டால், சட்டம் படிக்கும் எண்ணம் உள்ளவர் அரசியல் அறிவியல் எடுக்கலாம். அதைவிட நேராக ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. போய்விடலாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கிறார்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வில் மட்டும் கணக்குப் பகுதி ஒன்று உண்டு, பத்தாம் வகுப்பு அளவில். பள்ளி ஆசிரியர் ஆக விரும்புகிறவர் வரலாறு எடுப்பது நல்லது. அதற்குக் காரணம் அடுத்து வருகிறது.

பட்டத்துக்குப் பிறகு கணக்கு எங்கே காத்திருக்கிறது

பி.எட். விதி பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் வரலாறு, புவியியல் படித்தவர்கள் இளநிலைப் பட்டத்தோடு பி.எட். சேரலாம். பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் படித்தவர்களுக்கு முதுநிலையும் முடித்திருக்க வேண்டும் என்பதே நடைமுறையில் இருந்துவரும் விதி. பட்டதாரி ஆசிரியர் தேர்விலும் சமூக அறிவியலுக்கு வரலாறு, புவியியல் என்ற இரண்டு பாடங்களில்தான் ஆள் எடுத்து வந்திருக்கிறார்கள். ஆசிரியர் வேலை குறிக்கோள் என்றால் இந்த ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும். சேரும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. கனவோடு ஹிஸ்டரி எடுக்கிறவர்கள் ஏராளம். குரூப் 1 முதல்நிலையிலும் குரூப் 4இலும் 200 கேள்விகளில் 25 கேள்வி திறனறிவு. தனிவட்டி, கூட்டு வட்டி, மீ.பெ.வ., மீ.சி.ம., விகிதம், நேரமும் வேலையும், பரப்பளவு. எல்லாம் பத்தாம் வகுப்புக்குள் அடங்கும். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 37.5. குரூப் 4இல் லட்சக்கணக்கானவர்கள் எழுதும்போது இரண்டு மூன்று கேள்வியிலேயே தரவரிசை எங்கோ போய்விடும். ஆகவே மூன்று ஆண்டு கணக்கையே தொடாமல் ஹிஸ்டரி படித்தவர், கடைசியில் மீ.சி.ம.வைப் புதிதாகக் கற்றுக்கொள்ள உட்கார்கிறார். அதற்குப் பதில் கல்லூரி நாட்களிலேயே ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான கணக்குப் புத்தகங்களை வாரத்துக்கு ஒரு பாடம் வீதம் போட்டுவந்தால் வலி தெரியாது.

யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் சிசாட் என்னும் திறனறித் தாள். 200 மதிப்பெண்ணுக்கு 33 சதவீதம் எடுத்தால் போதும், அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. போதும் என்று சொல்வது எளிது. பொது அறிவுத் தாளில் நன்றாக எழுதிவிட்டு இதில் 66ஐத் தொட முடியாமல் வெளியேறும் கலைப் பட்டதாரிகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் ஆக நெட் எழுதினால் முதல் தாளின் பத்து அலகுகளில் இரண்டு கணிதத் தர்க்கமும் தரவு விளக்கமும். வங்கித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் பேச்சே இல்லை, அங்கே கணக்கும் வேண்டும், வேகமும் வேண்டும்.

தமிழ் வழியில் படிப்பதையும் கணக்கில் எடுங்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010 சட்டத்தால் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் வந்தவர்கள் அரசுக் கல்லூரியில் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் மூன்றையும் தமிழில் தொடரலாம். சைக்காலஜியில் அந்த வசதி அரிது.

சரி, யார் எதை எடுக்கலாம்

வேகம் மட்டும்தான் குறை, வரைபடம் பார்த்தால் புரிகிறது என்பவர் எகனாமிக்ஸைத் தைரியமாக எடுக்கலாம். எக்ஸ், ஒய் மட்டும்தான் எதிரி, சராசரி, சதவீதம் எல்லாம் பரவாயில்லை என்றால் சைக்காலஜி, சமூகவியல் இரண்டுமே சரிவரும். பணம் பிரச்சினை என்றால் சமூகவியல். எண்களையே பார்க்க முடியாது, ஆனால் எழுதுவேன், வாதாடுவேன் என்பவருக்கு அரசியல் அறிவியல். ஆசிரியர் வேலை என்றால் வரலாறு. உட்கார்ந்து படிப்பதே பிடிக்காமல் வெளியே போய் வேலை செய்ய விரும்புகிறவருக்கு சமூகப் பணி.

எவ்வளவு முயன்றும் எண்களின் வரிசையே மாறிப் போகிறது, கடிகாரம் பார்ப்பதும் சில்லறை எண்ணுவதும் கூடச் சிரமம் என்றால் அது சோம்பலோ பயமோ அல்ல, டிஸ்கால்குலியாவாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. முறையாகச் சோதித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தால் கல்லூரித் தேர்விலும் சலுகை கேட்க வழி உண்டு. சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள். புள்ளியியல் பேப்பர் வந்த பிறகு ஓடினால் அந்த செமஸ்டர் போய்விடும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரிக்குத் தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டம் மாறும். அதனால் நீங்கள் சேரப்போகும் கல்லூரியின் பாடத்திட்டத்தை இணையதளத்திலிருந்து இறக்கி, புள்ளியியல், கணிதம், ஆய்வு முறை என்ற சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று பாருங்கள். அலைடு எனப்படும் துணைப் பாடத்தையும் விட்டுவிடாதீர்கள், மேஜரில் இல்லாத கணக்கு சில இடங்களில் அலைடில் ஒளிந்திருக்கும். அப்புறம் அந்தப் புள்ளியியல் பேப்பரின் பழைய வினாத்தாள் இரண்டு மூன்றை சீனியர்களிடம் கேட்டு வாங்குங்கள். பல கல்லூரிகளில் பாதிக் கேள்வி "இடைநிலையின் நிறை குறைகளை எழுதுக" போன்ற தியரியாகவே இருக்கும், விருப்பத் தேர்வும் கொடுத்திருப்பார்கள். தியரியை மட்டும் எழுதி 40 எடுக்க முடிகிற வினாத்தாளா, கணக்குப் போடாமல் தப்பிக்கவே முடியாத வினாத்தாளா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முதல் வகையாக இருந்தால் அந்தக் கல்லூரியின் சைக்காலஜியோ எகனாமிக்ஸோ உங்களை வீழ்த்தாது. இரண்டாவது வகை என்றால், அதே பாடத்துக்கு வேறு கல்லூரியையும், அதே கல்லூரியில் வேறு பாடத்தையும் விருப்பப் பட்டியலில் சேர்த்துப் போடுங்கள்.